விஆர் ஹெட்செட் போட்டா 4 நிமிஷத்துல தலைசுத்தல்: முதியோர் இல்லத்துக்கு உதவி தேவை

காவேரிப்பட்டணம்_பராமரிப்பு கேட்டது:

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல ஞாபகப் பயிற்சிக்கு விஆர் (தலையில மாட்டுற திரையில நிஜம் மாதிரி காட்சி காட்டுறது) ஆரம்பிச்சிருக்கோம். ஒரு குவெஸ்ட் 2 ஹெட்செட், ஒரு பழைய லேப்டாப், நெட்டுக்கு செல்போன் ஹாட்ஸ்பாட். எல்லாரும் 68 வயசுக்கு மேல. உட்கார வெச்சுத்தான் போடுறோம்.

முதல்ல ஒகேனக்கல் பரிசல் 360 வீடியோ (தலையைத் திருப்பினா எல்லாப் பக்கமும் தெரியுறது) காட்டுறோம், அப்புறம் சந்தையில சாமான் வாங்குற விளையாட்டு. 3, 4 நிமிஷத்துலயே தலைசுத்தல், ஒருத்தருக்கு வாந்தி. கண்ணாடி போட்டாலும் கழட்டினாலும் எழுத்து மங்கல்னு சொல்றாங்க. ஆள் மாறுறப்பல்லாம் படம் பக்கவாட்டுல திரும்பிடுது, இல்லைன்னா டிராக்கிங் (ஹெட்செட் கேமரா தலை அசைவைக் கண்டுபிடிக்கிறது) போயிடுச்சுன்னு வருது. அவங்க பார்க்கிறதை லேப்டாப்ல பார்க்கலாம்னா காஸ்டிங் அடிக்கடி அறுந்துபோகுது. முன்னாடி, பின்னாடி என்ன டெஸ்ட் எடுக்கணும்னும் சொல்லுங்க.

இயன்முறை_ஓசூர்:

மொதல்ல அந்தப் பரிசல் வீடியோவைத் தூக்கிடுங்க. பரிசல்காரர் சுழட்டுறப்ப கேமராவும் சேர்ந்து சுழலுது. கண்ணு சுழலுதுன்னு சொல்லுது, உள்காது சும்மாதான் உட்கார்ந்திருக்கோம்னு சொல்லுது. குமட்டல் அங்கேயிருந்துதான் வருது. எடிட்டிங்ல திசையைப் பூட்டிடலாம்னு யாராச்சும் சொல்வாங்க. அப்படிப் பண்ணினா பாறையும் தண்ணியும் நிக்கும், ஆனா பரிசல் அவங்களைச் சுத்திச் சுழலும். பாதி பேருக்கு அதுவும் ஆகாது.

நீங்களே எடுங்க. கேமராவை முக்காலியில நிறுத்தி, லென்ஸ் தரையிலேர்ந்து 110–120 செ.மீ. உயரத்துல இருக்கட்டும். உட்கார்ந்து பார்க்கிறவங்க கண்மட்டம் அதுதான். நின்னுக்கிட்டு எடுத்த வீடியோவை உட்கார்ந்து பார்த்தா அந்தரத்துல தொங்குற மாதிரி இருக்கும். எடுக்கிறப்ப கேமரா இம்மிகூட நகரக்கூடாது. ஆளுங்க ஒன்றரை மீட்டருக்குள்ள வந்தா ரெண்டு லென்ஸ் படம் ஒட்டுற இடத்துல முகம் பிளந்து தெரியும். மாந்தோப்பு, கேஆர்பி அணைப் பூங்கா, போச்சம்பள்ளி சந்தை எல்லாம் இதுக்கு ஏத்த இடம். கூட்டத்துக்கு நடுவுல வேண்டாம், ஓரமா ஒரு கடைப் பக்கத்துல வைங்க.

சந்தை விளையாட்டுல வழுக்கி வழுக்கி நகர்ற முறையை அணைச்சுட்டு, இருந்த இடத்துலேர்ந்து அடுத்த இடத்துக்குத் தாவுற முறையை வைங்க. திரும்புறதும் 30 அல்லது 45 டிகிரி படியா வெட்டித் திரும்பட்டும். அந்த வசதியே இல்லாத விளையாட்டு இவங்களுக்கு வேண்டாம்.

நாற்காலிக்குக் கைப்பிடி வேணும், சக்கரமோ சுழலோ கூடாது. வீல்சேர்னா பிரேக் போட்டிருக்கணும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகணும். முதல் தடவை 3 நிமிஷம் போதும், பழகினப்புறம் 10. கழட்டினவுடனே எழுப்பாதீங்க, 5 நிமிஷம் உட்காரட்டும். பிபி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு உட்கார்ந்தும் நின்னும் பிபி பாருங்க. நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினா அன்னிக்கு அவங்களுக்கு விஆர் கிடையாது.

தலை சுத்துதான்னு கேட்டா "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு"ன்னுதான் பதில் வரும். அதை நம்பாம ஆளைக் கவனிங்க. கொட்டாவி விடுறது, அடிக்கடி எச்சில் முழுங்குறது, மேலுதட்டுல வேர்வை, பேசிக்கிட்டே இருந்தவங்க திடீர்னு அமைதியாகுறது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் கழட்டிடுங்க.

வலிப்பு வந்தவங்க, இல்லாத உருவம் தெரியுதுன்னு சொல்றவங்க, புதுசா கண் ஆபரேஷன் ஆனவங்க, பேஸ்மேக்கர் வெச்சவங்க, இவங்களுக்கெல்லாம் டாக்டர் சொல்லாம போடாதீங்க. ஹெட்செட்டுலயும் கன்ட்ரோலர்லயும் காந்தமும் ரேடியோ அலையும் உண்டு.

ஒயரிங்_தருமபுரி:

மங்கலுக்கு வர்றேன். குவெஸ்ட் 2-ல லென்ஸ் இடைவெளி மூணே நிலைதான்: 58, 63, 68 மி.மீ. கண்ணாடிக்கடையில கண்மணி இடைவெளி அளந்து சீட்டுல எழுதிக் கொடுப்பாங்க. 61-க்குக் கீழன்னா முதல் நிலை, 66-க்கு மேலன்னா மூணாவது, நடுவுல இருந்தா ரெண்டாவது. ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா எழுதி சுவத்துல ஒட்டிடுங்க. லென்ஸைக் கையால தள்ளித்தான் மாத்தணும்ங்கிறதால முந்தின ஆளோட அளவு அப்படியே நின்னுடும்.

கண்ணாடி விஷயத்துல பலரும் கோட்டை விடுறது இங்கதான். திரை மூக்குக்கு முன்னாடி இருந்தாலும் கண்ணு குவியுறது ஒரு மீட்டருக்கு அப்பால. அதனால படிக்கிற கண்ணாடி உதவாது, கழட்டணும். தூரப் பார்வைக் கண்ணாடி வேணும். பைஃபோகல்னா மேல் பாகம் வழியாப் பார்க்கணும், முகவாய் தூக்கியிருந்தா கீழ் பாகம் குறுக்க வந்து மங்கும். பெட்டியோட வந்த, மூக்குக்கண்ணாடிக்கு இடம் விடுற ஸ்பேசரை மாட்டுங்க. ஃபிரேம் அகலம் 142, உயரம் 50 மி.மீ. தாண்டினா உள்ளே போகாது, அழுத்தினா லென்ஸ்ல கீறல் விழும்.

டிராக்கிங்குக்கு ரூமைப் பாருங்க. வெள்ளையடிச்ச மொட்டைச் சுவரும் பளபள டைல்ஸும் இருந்தா கேமராவுக்குப் பிடிமானம் கிடையாது. நாலஞ்சு தினசரி காலண்டர், படம் மாட்டுங்க, முகம் பார்க்கிற கண்ணாடி இருந்தா துணி போட்டு மூடுங்க. செட்டிங்ஸ்ல டிராக்கிங் அலைவரிசை தானியங்கியா இருந்தா 50 ஹெர்ட்ஸ்னு மாத்துங்க, நம்ம கரண்ட் 50 தான். ஹெட்செட் கேக்குற எல்லையை, ஆள் இருக்கிற இடத்தைச் சுத்தின வட்டமா (ஸ்டேஷனரி) வைங்க. ஆள் மாறினதும், அவங்களை நேராப் பார்க்கச் சொல்லி, வலது கன்ட்ரோலர்ல லோகோ பட்டனை அழுத்திப் பிடிச்சா படம் நேராயிடும். இன்னொண்ணு, ஜன்னலோரம் மட்டும் வைக்காதீங்க. வெயில் லென்ஸ் வழியா இறங்கினா திரை பொசுங்கிடும், அதுக்கு வைத்தியமே இல்லை.

காஸ்டிங்குக்கு ரெண்டு கருவியும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில இருக்கணும். ஹாட்ஸ்பாட்டைப் பெரும்பாலும் 2.4-ல விட்டிருப்பீங்க. அதைவிட, ஹெட்செட்ல டெவலப்பர் மோடை (கேபிள் வழியா லேப்டாப்போட இணைய விடுறது) போட்டு 3 மீட்டர் யுஎஸ்பி-சி கேபிள்ல ஸ்கிரீன்காப்பிங்கிற (scrcpy) இலவச மென்பொருளை ஓட்டுங்க. வைஃபையே வேண்டாம். கேபிள் நாற்காலிக்குப் பின்னாடி இறங்கட்டும், கால்ல மாட்டக்கூடாது.

காவேரிப்பட்டணம்_பராமரிப்பு:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். எண்ணெய்த் தலையில ஸ்ட்ராப் வழுக்குது, ஸ்பாஞ்சும் நாறுது. பாட்டிமார்ல ரெண்டு பேருக்குத் தெலுங்குதான். ஒரு தாத்தாவுக்குக் கை நடுக்கம், பட்டனை அமுக்க முடியல.

ஒயரிங்_தருமபுரி:

ஸ்பாஞ்சுக்கு மேல சிலிக்கோன் உறை போடுங்க, துடைக்க சுலபம். துணி ஸ்ட்ராப்பை மாத்தி, பின்னால திருகி இறுக்குற கெட்டி ஸ்ட்ராப் போடுங்க. ஹெட்செட் 503 கிராம், மொத்தமும் முன்னாடியே தொங்குது, கழுத்துத் தேய்மானம் உள்ளவங்களுக்கு ஆகாது. திருநீறைத் துடைச்சுட்டு மாட்டுங்க. லென்ஸுக்கு நடுவுல இருக்கிற சென்சார்ல பொடி படிஞ்சா ஹெட்செட் தூங்காம பேட்டரி தீரும். உறையை ஆல்கஹால் இல்லாத வைப்ஸால துடைங்க. லென்ஸுக்குக் காய்ஞ்ச மைக்ரோஃபைபர் துணி மட்டும்.

மனநலச்_செவிலியர்:

நடுக்கம் உள்ளவருக்குப் பட்டன் வேண்டாம். தலையைத் திருப்பி ஒரு பொருளை நேராகப் பார்த்தபடி நிறுத்தினால் தேர்வாகும் முறையைப் பயன்படுத்துங்கள், காத்திருக்கும் நேரம் 2 அல்லது 3 விநாடி. தெலுங்கு, கன்னடம் பேசுவோருக்குத் தமிழ்க் குறிப்பைக் கேட்கவைத்துவிட்டு "மறதி" என்று முடிவு கட்டாதீர்கள். ஒலிக்குறிப்பை அணைத்துவிட்டு அவர்கள் மொழியிலேயே பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

பயிற்சி என்றால் படி ஏறவேண்டும். முதலில் 3 சாமான் கொண்ட பட்டியல், சொன்ன உடனே எடுக்கவேண்டும். அது சரளமானால் 4. பிறகு பட்டியல் சொல்லி ஒரு நிமிடம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மட்டுமே சில்லறைக் கணக்கு. பத்தில் ஏழு எட்டு சரியாக வரும் நிலையில் வைத்திருங்கள், அதற்குக் கீழே போனால் சோர்ந்து விலகிவிடுவார்கள்.

சோதனைக்கு மோகா (MoCA) என்னும் அறிவாற்றல் சோதனையின் தமிழ்ப் பதிப்பு உண்டு. 30 மதிப்பெண், பத்து நிமிடம் ஆகும். எடுப்பவருக்குப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது நியாயமான அளவுகோல் அல்ல. அவர்களுக்கென மோகா பேசிக் இருக்கிறது. இரண்டு முறையும் அதே ஆள், அதே வேளை, கண்ணாடியும் காதுக்கருவியும் போட்ட நிலையில். உடனே திரும்ப எடுத்தால் பழகிய கேள்விகளுக்கே மதிப்பெண் கூடும், மூன்று மாத இடைவெளி விடுங்கள்.

ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019 வழிகாட்டுதலில் அறிவாற்றல் பயிற்சியை "வழங்கலாம்" என்றுதான் சொல்கிறது, சான்று பலவீனம் என்பதையும் சேர்த்தே. அதுவும் மறதிநோய் இல்லாதவர்களுக்கும் லேசான குறைபாடு உள்ளவர்களுக்கும். மறதிநோய் உறுதியானவர்களுக்கு 14 அமர்வு கொண்ட குழு அறிவாற்றல் தூண்டல் முறைதான் (பேச்சு, விளையாட்டு வழியே மூளையைத் தூண்டுவது) முதலில். சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்னும் மனநல அமைப்பு அதைத் தமிழுக்குத் தகுந்தபடி அமைத்திருக்கிறது, ஹெட்செட்டே தேவையில்லை. குடும்பத்தாரிடம் "விஆரால் குணமாகும்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

காவேரிப்பட்டணம்_பராமரிப்பு:

ஒரு காலையில ஒரே ஹெட்செட்டை வெச்சு 9 பேருக்குப் பண்ணலாமா?

இயன்முறை_ஓசூர்:

கஷ்டம்ங்க. பார்க்கிறது 10 நிமிஷம், பிபி, மாட்டுறது, கழட்டி உட்கார வைக்கிறது, துடைக்கிறது எல்லாம் சேர்த்து இன்னொரு 10. ஆறு பேருக்கே 2 மணி நேரம். பேட்டரி 2, 3 மணி நேரம் தாங்கும், ஆள்தான் பத்தாது. ஒருத்தர் லேப்டாப் பக்கம், இன்னொருத்தர் தோளுக்குப் பின்னால. மிச்ச மூணு பேரை மறுநாளைக்கு வைங்க.