மறு: ஓரோஃபேஷியல் மையோஃபங்ஷனல் தெரபி – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களே, வணக்கம்.

நாக்கு, உதடு, முகத் தசைகளைச் சரியாகப் பயன்படுத்தப் பழக்கும் இந்தத் தெரபி பற்றிய நம் கட்டுரைக்காக இங்கே வந்த 'வாய்முகத் தசைச்செயற்பாட்டுச் சிகிச்சை' என்ற முன்மொழிவில் நீளம்கூடப் பரவாயில்லை, 'சிகிச்சை' என்று முடிவதுதான் உறுத்துகிறது. சிகிச்சை என்றால் மருத்துவர் செய்வார், பிள்ளையைக் கூட்டிப்போய் உட்காரவைத்தால் போதும் என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். இதில் சொல்லித்தருவது மட்டுமே அவர் வேலை, அப்புறம் தினமும் வீட்டில் மாதக்கணக்கில் செய்ய வேண்டியது பிள்ளைதான், கூடவே நினைவுபடுத்த ஒரு பெரியவர். ஆகவே 'வாய்முகத் தசைப்பயிற்சி' என்பதே என் பரிந்துரை.

'தசைப்பயிற்சி' என்றால் உடற்பயிற்சிக் கூடம் போல ஒலிக்கிறது என்ற மறுப்பு நியாயமானது. தசையைப் பெருக்குவது இங்கே நோக்கமில்லை. உதடு மூடியிருக்க வேண்டும், மூச்சு மூக்கு வழியே போக வேண்டும், விழுங்கும்போது நாக்கு முன்பல்லைத் தள்ளக்கூடாது, சும்மா இருக்கும்போது அது மேலண்ணத்தில் ஒட்டியிருக்க வேண்டும். நுனிநாக்கு எங்கே நிற்கணும் என்று பிள்ளைக்குச் சொல்ல நம்மிடம் அருமையான வழி இருக்கிறது: 'ன்' என்று சொல்லி அப்படியே நிறுத்தினால் போதும், அதுதான் இடம். 'னகர இடம்' என்றே வைத்துக்கொள்ளலாமே! நாக்கு இப்படி முன்பல்லைத் தள்ளுவதை ஆங்கிலத்தில் 'டங் த்ரஸ்ட்' என்கிறார்கள், அதற்கு 'நாத்தள்ளல்' பொருந்தும்.

கட்டுரையில் சேர்க்க வேண்டிய இன்னொன்று. அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) வீங்கியோ ஒவ்வாமையாலோ மூக்கு அடைத்திருக்கும் பிள்ளையிடம் வாயை மூடு என்று சொல்லிப் பயனில்லை, முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். விரல் சூப்பும் பழக்கமும் நிற்க வேண்டும். கோணல் பல்லுக்குக் கம்பிதான், பயிற்சி அதற்குத் துணை, கம்பியைக் கழற்றிய பிறகும் நாக்கு தள்ளிக்கொண்டே இருந்தால் பல் மறுபடி நகரக்கூடும்.

பெரியவர்கள் பெரும்பாலும் குறட்டைக்காகத்தான் வருகிறார்கள். பிரேசிலில் மிதமான தூக்க மூச்சுத்தடை (தூங்கும்போது மூச்சு அடிக்கடி தடைபடுவது) உள்ள 31 பேரிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. மூன்று மாதம் நாக்கு, தொண்டைப் பயிற்சி செய்தவர்களுக்கு மணிக்கு 22.4 ஆக இருந்த மூச்சுத்தடை எண்ணிக்கை 13.7 ஆகக் குறைந்தது. நல்ல பலன், ஆனால் முழுக் குணமில்லை. எனவே இரவில் மூச்சுக்கருவி போடுபவர் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக்கூடாது, இந்த வரியைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே போட வேண்டுகிறேன்.

'நாத்தள்ளல்' பிடிக்காதவர்கள் மாற்றுச்சொல் தாருங்கள்.