புனித லூசியா கையில தட்டுல ரெண்டு கண்ணு: பழைய சரித்திரத்துல இது இருக்கா?

மாலைமணி:

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் 13 புனித லூசியா திருநாள் வருது, மறைக்கல்வி பிள்ளைங்களுக்கு அவங்க வரலாறு சொல்லணும், அஞ்சாவது ஆறாவது படிக்கிற பசங்க. தேடத் தேட குழப்பம்தான் அதிகமாகுது. எல்லா படத்துலயும் தட்டுல ரெண்டு கண்ணை வெச்சுகிட்டு நிக்கறாங்க. ஒரு இடத்துல ஆளுநர் கண்ணைப் பிடுங்கச் சொன்னான்னு இருக்கு, இன்னொரு இடத்துல ஒருத்தன் அவங்க கண்ணு அழகுல மயங்கி விடாம பின்னாடியே வந்ததால அவங்களே பிடுங்கி அவனுக்கு அனுப்பிட்டாங்கன்னு இருக்கு. இந்த ரெண்டாவதைப் படிச்சதுல இருந்து மனசு சரியில்ல, தப்பா பார்த்தவன் ஒருத்தன், தண்டனை இந்தப் பொண்ணுக்கா? இதை எப்படி பொம்பளப் பிள்ளைங்க முன்னாடி சொல்றது?

இன்னொரு வீடியோல அப்படி ஒருத்தங்க வாழவே இல்ல, எல்லாம் கட்டுக்கதைன்னு அடிச்சு சொல்றாங்க. உடல் வெனிஸ்ல இருக்குன்னு சிலர், சிரக்கூஸ்ல இருக்குன்னு சிலர். தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க ப்ளீஸ்.

பழஞ்சுவடி:

சகோ, கண்ணைப் பிடுங்கின கதை ரெண்டுமே பிற்காலத்துல சேர்ந்தது. 5ஆம் நூற்றாண்டு வாக்குல கிரேக்க மொழியில எழுதின பழைய மறைசாட்சிய சரித்திரத்துல (விசுவாசத்துக்காக அவங்க உயிர் விட்ட வரலாறு) கிடையாது, அதுக்கப்புறம் வந்த லத்தீன் சரித்திரத்துலயும் கிடையாது, அவ்வளவு ஏன், 13ஆம் நூற்றாண்டுல ஜேக்கப் தெ வொராஜின் தொகுத்த புனிதர் வரலாறு இருக்கே, அற்புதம்னா ஒண்ணு விடாம சேர்க்கிறவர் அவர், அவர்கிட்டயே இந்தக் கண்ணு கதை இல்ல.

பழைய கதை இதுதான். சிசிலித் தீவுல சிரக்கூஸ் நகரத்துல வசதியான குடும்பம், அப்பா இல்ல, அம்மா பேரு யூத்திக்கியா. அம்மாவுக்கு நாலு வருஷமா உதிரப்போக்கு, எந்த வைத்தியத்துக்கும் நிக்கல. ரெண்டு பேரும் கத்தானியாவுக்கு புனித ஆகத்தா கல்லறைக்குப் போறாங்க. ஆகத்தாவும் கன்னி மறைசாட்சிதான், தேசியுஸ் பேரரசன் காலத்துல, 251ல இறந்தவங்கன்னு பாரம்பரியம். அங்க திருப்பலியில பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால கஷ்டப்பட்ட பெண் இயேசுவோட ஆடையைத் தொட்ட நற்செய்தி வாசிக்கிறாங்க. ராத்திரி கல்லறைகிட்டயே லூசியா தூங்கிடுறாங்க, கனவுல ஆகத்தா வந்து "தங்கச்சி, நீயே உன் அம்மாவுக்குக் கொடுக்கக்கூடியதை என்கிட்ட ஏன் கேக்குற?"ன்னு சொல்றாங்க. முழிச்சுப் பார்த்தா அம்மாவுக்குக் குணமாயிடுச்சு.

அப்புறம் நடக்கிற பேச்சுதான் எனக்கு இந்தச் சரித்திரத்துலயே ரொம்ப பிடிச்ச இடம். எனக்கு கல்யாணம் வேண்டாம், சீதனத்துக்கு வெச்சிருக்கறதை ஏழைங்களுக்குக் கொடுத்துடலாம்னு லூசியா கேக்க, நான் கண்ணை மூடினதுக்கப்புறம் உன் இஷ்டப்படி செய்யின்னு அம்மா சொல்றாங்க. அதுக்கு லூசியா, சாகும்போது கொடுக்கறதை எடுத்துட்டுப் போக முடியாதுன்னுதானே கொடுக்கறோம், உயிரோட இருக்கும்போதே கொடுங்கம்மான்னு சொல்றாங்க. நிலம், நகை எல்லாம் ஒவ்வொண்ணா வித்து ஏழைங்க, விதவைங்க கைக்குப் போகுது. நிச்சயம் பண்ணி வெச்சிருந்த மாப்பிள்ளைக்கு அது பொறுக்கல, நேரா ஆளுநர் பஸ்காசியுஸ்கிட்ட போய் இவ கிறிஸ்தவள்னு காட்டிக்கொடுத்துட்டான். ரோமப் பேரரசன் தியோக்ளேசியன் கிறிஸ்தவங்களைத் துன்புறுத்தின கலாபனைக் காலம், 304னு சொல்லுவாங்க.

ஆளுநர் அவங்களை விபச்சார விடுதியில தள்ளப் போறேன், உன் கற்பு போயிடும், உன்கிட்ட இருக்கிற பரிசுத்த ஆவியும் போயிடுவார்னு மிரட்டறான். அவங்க பதில்: மனசு சம்மதிக்காம உடம்பு கறைபடாது, என் விருப்பம் இல்லாம என்னைக் கெடுத்தா என் கற்புக்கு ரெட்டிப்பு கிரீடம்தான் கிடைக்கும். நல்லா கவனிங்க சகோ, பாதிக்கப்பட்டவ மேல குத்தம் இல்லன்னு அந்தக் காலத்துலயே ஒரு பொண்ணு வாயில இந்த வார்த்தையை வெச்சிருக்காங்க. புனித தாமஸ் அக்வினாஸ் தன்னோட இறையியல் நூல்ல லூசியா பேரைச் சொல்லியே இதை மேற்கோள் காட்டறார். உங்களுக்கு அந்த ரெண்டாவது கதை உறுத்தினது நியாயம்தான், ஏன்னா அது இதுக்கு நேர் எதிரா போகுது. ஒருத்தன் பார்த்த பார்வைக்கு இவங்க தன் கண்ணையே தண்டிக்கணும்னு சொல்ற கதை, இந்த வார்த்தை பேசின லூசியாவுக்குப் பொருந்தவே பொருந்தாது.

மீதியும் சொல்லிடறேன். இழுத்துட்டுப் போகப் பார்த்தா அசைக்க முடியல, ஆயிரம் பேர் இழுத்தும் முடியல, மாடு பூட்டியும் முடியல, சுத்தி நெருப்பு வெச்சும் ஒண்ணும் ஆகல, கடைசியில தொண்டையில வாளைப் பாய்ச்சறாங்க (கிரேக்க சரித்திரத்துல தலையை வெட்டினதா வரும்). அப்பவும் உடனே சாகல, குருக்கள் வந்து நற்கருணை கொடுத்த பிறகுதான் உயிர் பிரிஞ்சதுன்னு லத்தீன் மரபு.

நீலவானம்:

வாழவே இல்லன்னு சொல்ற வீடியோவுக்கு பதில் ஒரு கல்லறைக் கல்வெட்டுல இருக்கு. 1894ல பவுலோ ஓர்சிங்கிற தொல்லியல் அறிஞர் சிரக்கூஸ்ல புனித யோவான் நிலத்தடிக் கல்லறையில தோண்டும்போது ஒரு கிரேக்கக் கல்வெட்டு கிடைச்சுது. யூஸ்கியாங்கிற பொண்ணுக்கு அவ புருஷன் வெச்ச கல்லு, சுமார் 25 வயசுல "என் தலைவி லூசியாவின் திருநாள்ல" இறந்தாள்னு அதுல எழுதியிருக்கு. காலம் 4ஆம் நூற்றாண்டு கடைசி இல்ல 5ஆம் நூற்றாண்டு ஆரம்பம். அதாவது 304ல இருந்து ஒரு நூறு வருஷத்துக்குள்ளயே அந்த ஊர்ல லூசியாவுக்குன்னு தனியா திருநாள் இருந்திருக்கு, ஒரு சாதாரணக் குடும்பம் தன் பொண்ணு செத்த நாளை அதை வெச்சு அடையாளம் சொல்ற அளவுக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. சொந்த ஊர்லயே, இவ்வளவு சீக்கிரமா இப்படி ஒரு வணக்கம் இருந்திருக்குன்னா ஆளே இல்லாம வந்ததுன்னு சொல்றது கஷ்டம். திருப்பலியில குரு சொல்ற முதலாம் நற்கருணை மன்றாட்டுல பெலிசிட்டா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னஸ், செசிலியா, அனஸ்தாசியான்னு வர்ற வரிசையிலயும் அவங்க இருக்காங்க.

அதுக்காக சரித்திரத்துல இருக்கிற ஒவ்வொரு வரியும் நடந்த மாதிரியேன்னு சொல்ல வரல. சாகறதுக்கு முன்னாடி லூசியா, இன்னிக்கு மாக்ஸிமியன் (தியோக்ளேசியனோட சேர்ந்து ஆண்ட பேரரசன்) செத்துட்டான், தியோக்ளேசியனைத் துரத்திட்டாங்கன்னு சொல்றதா அதுல வரும். உண்மையில தியோக்ளேசியன் 305ல தானாத்தான் பதவி விலகினான், மாக்ஸிமியன் செத்தது 310ல. பின்னாடி வந்தவங்க எழுதினதுன்னு இதுலயே தெரியுது. ஆளு நிஜம், மறைசாட்சியா இறந்தது நிஜம்னு நம்ப நல்ல ஆதாரம் இருக்கு, மாடு பூட்டி இழுத்தது, நெருப்பு எல்லாம் பக்தியில வளர்ந்த பகுதி. பிள்ளைங்ககிட்ட "அவங்களைப் பத்தி இப்படி சொல்லி வந்திருக்காங்க"ன்னு ஆரம்பிங்க, பெரியவங்களானதும் ஏமாத்திட்டாங்கன்னு நினைக்க மாட்டாங்க.

தேரடி:

உடல் வெனிஸ்லதான் இருக்கு, புனித ஜெரேமியா கோயில்ல. சிரக்கூஸ்ல இருந்து கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போய் அங்கிருந்து 1204 சிலுவைப்போர் சமயத்துல வெனிஸுக்கு வந்துச்சுன்னு வெனிஸ் மரபு. முதல்ல அவங்க பேர்லயே அங்க தனிக்கோயில் இருந்துச்சு, ரயில்வே ஸ்டேஷனுக்காக 1861ல அதை இடிச்சிட்டாங்க, அதனாலதான் வெனிஸ் ஸ்டேஷன் பேரே சாந்தா லூசியா. 1955ல அப்போ வெனிஸ் முதுபெரும் தந்தையா இருந்த ரொன்காலி, அதான் பின்னாடி திருத்தந்தை 23ஆம் யோவான், முகத்துக்கு வெள்ளிக் கவசம் போட வெச்சார். 1981 நவம்பர்ல துப்பாக்கியோட வந்த ரெண்டு பேர் உடலைத் திருடிட்டுப் போயிட்டாங்க, தலை மட்டும் அங்கயே நின்னுச்சு, அந்த டிசம்பர்லயே அவங்க திருநாளை ஒட்டி உடல் கிடைச்சுடுச்சு.

ஆனா சிரக்கூஸ் ஜனங்ககிட்ட போய் அவங்க வெனிஸ்காரங்கன்னு சொல்லிப்பாருங்க! டிசம்பர் 13 பவனியில வெள்ளி சுரூபத்தைத் தூக்கிட்டு வரும்போது "சிரக்கூஸ்காரிதான்!"னு அவங்க பேச்சுல கத்திகிட்டே வருவாங்க. பேராலயத்துல இருந்து கிளம்பி, அவங்களைப் புதைச்ச இடத்துல இருக்கிற கோயில் வரைக்கும் போகும், சுரூபம் அங்கயே இருந்து 20ஆம் தேதிதான் திரும்பும். 2004லயும் 2014லயும் வெனிஸ்ல இருந்து உடலையே கொஞ்ச நாளைக்கு அங்க கொண்டுபோனாங்க.

பழஞ்சுவடி சொன்னதுல ஒரே ஒரு விஷயத்துல எனக்கு மாற்றுக் கருத்து. பிடுங்கின கதையை விடலாம், ஆனா கண்ணையே விட்டுடாதீங்க. கண்ணு பார்வைக்காக இத்தனை நூற்றாண்டா ஜனங்க அவங்ககிட்ட வேண்டியிருக்காங்க, அது சும்மா இல்ல. நிறைய படிச்சு கண்ணு கெட்டுப்போச்சுன்னு இத்தாலியக் கவிஞர் தாந்தேவே எழுதியிருக்கார், தன்னோட பெரிய காவியத்துல அவரைக் காப்பாத்த மாதா அனுப்பற ஆளே லூசியாதான். 1470கள்ல பிரான்செஸ்கோ தெல் கோஸா வரைஞ்ச படத்துல தட்டே இல்ல, ஒரு செடித் தண்டுல பூ பூத்த மாதிரி ரெண்டு கண்ணு, அதை ரெண்டு விரலால பிடிச்சிருப்பாங்க. ரத்தமோ பயமோ எதுவும் இல்ல. அந்தப் படத்தைப் பிள்ளைங்களுக்குக் காட்டலாம்.

பழஞ்சுவடி:

கண்ணை விடச் சொல்லல தேரடி, பிடுங்கின கதையைத்தான் சொல்றேன். கண் நோய்க்கு அவங்ககிட்ட வேண்டறதுல எனக்கு எந்த மறுப்பும் இல்ல. ஓவியர் கரவாஜ்ஜோ 1608ல மால்டா சிறையில இருந்து தப்பிச்சு சிரக்கூஸுக்கு வந்து, அந்தப் புதைச்ச இடத்துக் கோயிலுக்காகவே லூசியா அடக்கத்தை வரைஞ்சார். அதுல குழி தோண்டறவங்க ரெண்டு பேரும் முன்னாடி மலை மாதிரி நிக்க, அவங்க உடம்பு சின்னதா தரையில கிடக்கும், கழுத்துல ஒரு வெட்டு, அவ்வளவுதான், தட்டும் இல்ல கண்ணும் தனியா இல்ல. பெரிய வகுப்புப் பிள்ளைங்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

மாலைமணி:

இவ்வளவு விஷயம் எதிர்பார்க்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்தக் கல்வெட்டு விஷயம் கேட்டு நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு. ஒண்ணே ஒண்ணு, அந்த விபச்சார விடுதி பகுதியை பத்து வயசுப் பிள்ளைங்ககிட்ட எப்படி சொல்றது? விட்டுடலாம்னா, பழஞ்சுவடி சொன்ன அந்தப் பதிலும் சேர்ந்து போயிடுதே.

நீலவானம்:

விட வேண்டாம். "ஊர் முன்னாடி அவங்களை அவமானப்படுத்த ஒரு கெட்ட இடத்துக்கு இழுத்துட்டுப் போகச் சொன்னான்"னு சொன்னா போதும், அந்த வயசுக்கு அது புரியும். லூசியா சொன்ன பதிலையும் பிள்ளைங்க மொழியிலயே சொல்லுங்க, ஒருத்தர் உன்னைக் கட்டாயப்படுத்தி என்ன செஞ்சாலும் அந்தத் தப்பு உன்னோடது இல்ல, கடவுள் உன்னைவிட்டுப் போகமாட்டார்னு. பையன்களும் இதைக் கேக்கணும், பொண்ணுங்களுக்கு மட்டும் தனியா சொல்லாதீங்க. ஏதாவது ஒரு பிள்ளை முகம் மாறினாலோ அப்புறம் தனியா வந்து பேசணும்னு நின்னாலோ அவசரப்படாம உக்காந்து கேளுங்க, வீட்ல சொல்லவேண்டியதா இருந்தா யார்கிட்ட சொல்லணும்னு முன்கூட்டியே பங்குத்தந்தைகிட்ட பேசி வெச்சுக்கோங்க.

நேரத்தை அம்மாவும் பொண்ணும் பேசற இடத்துக்கு நிறைய ஒதுக்குங்க, ரெண்டு பிள்ளைங்களை எழுப்பி அம்மாவா ஒருத்தி லூசியாவா ஒருத்தின்னு நடிக்கச் சொல்லலாம். கடைசியில சிசிலி கோதுமை விஷயத்தையும் சொல்லுங்க, 1646ல பெரிய பஞ்சம், ஜனங்க லூசியாகிட்ட வேண்ட துறைமுகத்துக்கு தானியக் கப்பல் வந்துச்சாம், மாவாக்கக்கூடப் பொறுமை இல்லாம முழுக் கோதுமையை அப்படியே வேகவெச்சுச் சாப்பிட்டாங்கன்னு சொல்லுவாங்க. இன்னிக்கும் டிசம்பர் 13ல அங்க நிறைய வீட்ல ரொட்டி, பாஸ்தா தொடமாட்டாங்க, வேகவெச்ச கோதுமைதான்.