காட்டுத்தீ சேதக் கணக்கெடுப்பு: மேலிருந்து எடுத்த படம் மட்டும் போதுமா?

வரைபடப்பித்தன்:
ஜிஐஎஸ் (கணினியில் இடத் தரவுகளை வரைபடமாக்கும் படிப்பு) படித்துவிட்டு, பேரிடர் சேதத்தைக் கணக்கெடுக்கும் குழு ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். காட்டுத்தீ புகுந்த குடியிருப்புகளின் செயற்கைக்கோள் படங்களில், தீக்கு முன்பும் பின்பும் எடுத்தவற்றை ஒப்பிட்டு, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு சேதத் தரம் போடுவதுதான் வேலை. தரையோடு எரிந்ததைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. நடுவில் இருப்பவைதான் குழப்புகின்றன. எக்ஸ்பிடி (xBD) என்ற, பேரிடர்க் கட்டடச் சேதத்துக்கான செயற்கைக்கோள் படத் தரவுத்தொகுப்பில் 'சேதமில்லை, சிறு சேதம், பெரும் சேதம், அழிந்தது' என்று நான்கு தரம் இருக்கிறது, ஆனால் காட்டுத்தீ படங்களில் நடு இரண்டும் அபூர்வமாகத்தான் வருகின்றன. உண்மையிலேயே அப்படித்தானா, இல்லை மேலிருந்து பார்ப்பதால் நமக்குத் தெரியாமல் போகிறதா? அடுத்து களத்துக்கும் அனுப்பப் போகிறார்கள், அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

நாலுபக்கம்:
இரண்டுமே உண்மை. காற்றில் பறந்து வரும் தீக்கங்குகள் பரண் காற்றுத்துளை வழியாகவோ உடைந்த ஜன்னல் வழியாகவோ உள்ளே போய்ப் பற்றிக்கொண்டால், அணைக்க ஆள் இல்லாத நேரத்தில் வீடு முழுசாகப் போய்விடும், பற்றவில்லை என்றால் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், அதனால் பாதி எரிந்த வீடு குறைவுதான். ஆனால் ஒரு பக்கச் சுவர் கருகியது, ஜன்னல் கண்ணாடி வெப்பத்தில் விரிசல் விட்டது, இறவாரத்துக்கு அடியில் மரம் எரிந்து நின்றது, இதெல்லாம் கூரைக்கு மேலே இருந்து தெரியவே தெரியாது. கலிஃபோர்னியாவில் 'கால் ஃபயர்' என்ற மாநிலத் தீயணைப்புத் துறையின் ஆய்வாளர்கள் கட்டடம் கட்டடமாக நேரில் போய்த்தான் தரம் போடுகிறார்கள். கட்டடத்தில் 1 முதல் 9 சதவீதம் சேதமானால் 'பாதிப்பு', 10 முதல் 25 வரை சிறு சேதம், 26 முதல் 50 வரை பெரும் சேதம், அதற்கு மேல் போனால் அழிந்தது. அங்கே 2018-இல் பரவிய 'கேம்ப்' காட்டுத்தீயில் மட்டும் அழிந்த கட்டடங்கள் 18,000-க்கும் மேல், அங்கேயும் நேரில் போய்ப் பார்த்தார்கள் என்றால் அதன் அவசியம் புரியும்.

இன்னொன்று, என்பிஆர் மாதிரி எரிந்த பகுதியைக் காட்டும் குறியீட்டை வைத்து வீட்டுக்குத் தரம் போட்டுவிடாதீர்கள், அது செடிகொடிகளுக்காக வந்தது. அந்த கேம்ப் தீயில் சிக்கிய பாரடைஸ் ஊரில் வீடுகள் சாம்பலாகியும் பக்கத்து மரங்கள் பச்சையாக நின்றன. வீடு வீட்டைப் பற்றவைத்துக்கொண்டு போன தீ அது.

களத்தில் நாலு பக்கமும் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். தெருவில் நின்று ஒரே படம் எடுத்துத் தரம் போடுவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை, அந்தத் தரத்தை வைத்துத்தான் ஒரு குடும்பம் தன் வீட்டின் கதியை முதலில் தெரிந்துகொள்கிறது.

கம்பிகட்டி:
கட்டமைப்புப் பொறியாளராகச் சொல்கிறேன். கான்கிரீட் நின்றுகொண்டிருக்கிறது என்பதற்காக 'சிறு சேதம்' போடாதீர்கள். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் தாண்டினால் பல வகை கான்கிரீட்டில் இளஞ்சிவப்பு நிறம் வரும், அதற்கு மேல் வலு குறைந்துகொண்டே போகும், 600 வாக்கில் சாம்பல் வெளுப்பாகிவிடும். சுற்றியுள்ள பொருட்களும் வெப்பத்தைச் சொல்லும். அலுமினியச் சட்டம் உருகி வழிந்திருந்தால் அங்கே 660 டிகிரியை ஒட்டிப் போயிருக்கிறது, செம்புக் கம்பி உருகாமல் இருந்தால் 1085-ஐத் தொடவில்லை. இரும்புச் சட்டங்கள் 600 டிகிரி வாக்கிலேயே பாதி வலுவை இழந்துவிடும், வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். தனியாக நிற்கும் புகைபோக்கி, செங்கல் சுவர் பக்கத்தில் போகவே கூடாது, தாங்கிப் பிடித்த மரச்சட்டம் எரிந்துபோயிருக்கும். கழிவுநீர்த் தொட்டியின் பிளாஸ்டிக் மூடி உருகி, மேலே சாம்பல் மூடிக் குழி தெரியாமல் இருக்கும், குச்சியால் தட்டிப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். வேர் எரிந்த மரம் காற்றே இல்லாமல் விழும். பழைய வீடுகளின் சாம்பலில் ஆஸ்பெஸ்டாஸும் ஈயமும் இருக்கலாம், துணி முகமூடி அதற்கு உதவாது.

வரைபடப்பித்தன்:
நன்றி அண்ணா, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம், நேரம் குறைவாக இருந்தால் தப்பிய வீடுகளை விட்டுவிட்டு எரிந்ததை மட்டும் பதிவு செய்யலாமா?

கூரைக்கடியில்:
தயவுசெய்து விடாதீர்கள். எரிந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மரவேலி ஒட்டியிருந்தது என்று எழுதினால் அதில் ஒன்றுமே தெரியாது, தப்பிய வீடுகளிலும் அதே அளவு மரவேலி இருந்திருக்கலாம். கூரை எதனால் ஆனது, காற்றுத்துளை வலையின் கண் எவ்வளவு நெருக்கம், ஜன்னல் ஒற்றைக் கண்ணாடியா இரட்டையா, அடுத்த வீடு எவ்வளவு தூரம், இதெல்லாம் இரண்டு வகை வீடுகளிலும் இருந்தால்தான் எது காப்பாற்றியது என்று சொல்ல முடியும். அடுத்த கட்டட விதியை எழுதுகிறவர்களுக்கு இந்தத் தரவுதான் கை கொடுக்கும்.

அப்புறம் 'சேதமில்லை' என்ற சொல்லையும் யோசித்துப் போடுங்கள். கொலராடோவில் 2021 டிசம்பர் 30 மார்ஷல் தீயில் ஆயிரத்துக்கும் மேல் வீடுகள் எரிந்தன, நின்ற வீடுகளுக்குள்ளும் புகையும் சாம்பலும் புகுந்து, நெடி போகாமல் மக்கள் தவித்தார்கள். கலிஃபோர்னியாவில் 2017 டப்ஸ் தீக்குப் பிறகு சான்டா ரோசா நகரிலும், கேம்ப் தீக்குப் பிறகு பாரடைஸிலும் குடிநீர்க் குழாய்களில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் எங்கள் படிவத்தில் 'வெளியே தெரியும் சேதம் இல்லை' என்றே வைத்திருக்கிறோம், பக்கத்திலேயே எப்படிப் பார்த்தோம் என்று தனிப் பத்தி, படத்தில் பார்த்ததா, வெளியே நின்றதா, உள்ளே போனதா என்று.

நாலுபக்கம்:
அந்தப் பத்தி நல்ல யோசனை, நாங்களும் சேர்க்கிறோம். வரைபடப்பித்தன், கிளம்பும் முன் தீக்கு முந்தைய கட்டட எல்லைகளையும் மனை எண்களையும் செயலியில் இணையம் இல்லாமலே திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தெருப்பலகையும் கதவு எண்ணும் எரிந்துபோயிருக்கும், கைபேசிக் கோபுரமும் பல நேரம் வேலை செய்யாது, எந்தச் சாம்பல் எந்த வீட்டுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் வழி.