காரப்பள்ளத்தில் எங்கள் காரை முகர்ந்த யானை

கடந்த அரையாண்டு விடுமுறையில் ஈரோட்டிலிருந்து காரில் புறப்பட்டு, மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் வழியாக முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் சென்று, குண்டல்பேட்டை, சாம்ராஜ்நகர், ஆசனூர், திம்பம், சத்தியமங்கலம் என்று சுற்றி மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். நானும் மனைவியும், ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளும், ஒன்றாம் வகுப்பு மகனும், 72 வயதான என் அப்பாவும் சென்றிருந்தோம். அப்பா 1980களிலும் 90களிலும் இதே திம்பம் சாலையில் லாரி ஓட்டியவர். கூகுள் வரைபடம் ஒரு வழியைச் சொல்ல அவர் வேறொரு வழியைச் சொல்வார். வண்டிக்குள் எப்போதும் இரண்டு வழிகாட்டிகள் இருந்தார்கள்.

முதல் இரண்டு நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்திருந்தோம். 2024 மே மாதம் முதல் அது இல்லாமல் வெளியூர் வண்டிகள் மலையேற முடியாது. கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் மசினகுடிக்கு விரைவில் போய்விடலாம். ஆனால் வெளியூர் வண்டிகளை அந்த வழியாகக் கீழே இறங்க விடுவதில்லை என்பதால், பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானைகளுக்குக் கேழ்வரகுக் களியையும் கொள்ளையும் வெல்லத்தோடு பிசைந்து, பெரிய செங்கல் அளவுக்குக் கட்டிகளாக்கி, பாகன்கள் வாய்க்குள்ளேயே வைத்து ஊட்டியதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். பணம் கட்டிச் சென்ற வனத்துறை வாகனப் பயணத்தில் புள்ளிமான்களையும் மயில்களையும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. மைசூர் மகாராஜாக்களின் வேட்டைக்காடாக இருந்து 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் காப்பகங்களுள் ஒன்றாக ஆன பந்திப்பூரைக் கடக்கும்போது, ஒரு செந்நாய்க் கூட்டம் சாலையைக் குறுக்காகக் கடந்தது. நான் பிரேக்கில் கால் வைப்பதற்குள் அவை புதருக்குள் மறைந்துவிட்டன. மகன் பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பவில்லை என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் குண்டல்பேட்டை தாண்டியதும் சாலையோரத்தில் ஏலக்கி வாழைத்தார்கள் தொங்குவதைப் பார்த்து, ஊரைவிட விலை மலிவு என்று ஒரு முழுத் தாரை வாங்கி, பைகளின் மேல், பின்கண்ணாடியை ஒட்டிப் படுக்க வைத்தேன். நன்றாகப் பழுத்த தார். சிறிது நேரத்தில் வண்டி முழுவதும் அதன் மணம் நிறைந்துவிட்டது. அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம் என்று பிறகு நான் கேட்டபோது, "நீ கேக்கற ஆளா?" என்றார்.

சாம்ராஜ்நகரிலிருந்து தமிழக எல்லைக்கு வரும் அந்தச் சாலையில் கரும்பு வெட்டும் காலத்தில் போனவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. கர்நாடகப் பகுதியில் வெட்டிய கரும்பு இந்த வழியாகத்தான் சத்தியமங்கலம் பக்கத்து ஆலைக்கு லாரிகளில் வருகிறது. அளவுக்கு மீறி உயரமாக ஏற்றிய பாரத்தைத் தடுப்பதற்காகக் காரப்பள்ளம் சோதனைச் சாவடியில் உயரத் தடுப்புக் கம்பி இருக்கிறது. கம்பியில் இடித்து விழும் கரும்பும், ஓட்டுநர்கள் இரக்கத்தாலோ பயத்தாலோ வீசும் கரும்பும் யானைகளைச் சாலைக்குப் பழக்கிவிட்டன. லாரியின் சத்தம் கேட்டால் சோறு வருகிறது என்று அவற்றுக்குத் தெரியும். கரும்பை வீசக் கூடாது என்று வனத்துறை எத்தனை முறை எச்சரித்தும் பழக்கம் முற்றாக நிற்கவில்லை.

சாவடியைக் கடந்து சிறிது தூரம் வந்ததும் எங்களுக்கு முன்னால் ஒரு கரும்பு லாரி நின்றிருந்தது. அதன் பின்புறத்தில் ஒரு பெண் யானை நின்று, மிகவும் நிதானமாக, கட்டுக்குள் தும்பிக்கையை நுழைத்து நான்கைந்து கழிகளை உருவி, முன்காலால் மிதித்து முறித்து வாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி, விழுந்த சோகையைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அதற்குத் தும்பிக்கை இன்னும் முழுதாக வசப்படவில்லை. ஒரு துண்டை எடுப்பதற்குள் இரண்டு முறை தவறவிட்டது. மகள் சிரித்தாள். நாங்கள் எல்லோருமே சிரித்தோம். அப்பா மட்டும், "இடம் விட்டு நிறுத்து. வண்டிய அணைச்சுராத. ஆரன் பக்கமே கை போகக் கூடாது" என்றார்.

நான் சுமார் முப்பது மீட்டர் இடைவெளி விட்டு நிறுத்தினேன். அந்த இடைவெளி முன்பக்கத்தில் மட்டுமே இருந்தது. பின்னால் வந்த கார் எங்கள் பம்பரை ஒட்டி நின்றது. அதிலிருந்த இளைஞர்கள் சன்னல் வழியாக இடுப்புவரை வெளியே வந்து கைப்பேசியில் படம் எடுக்கத் தொடங்கினார்கள். காட்டுச் சாலையில் யானையைவிட எனக்கு இப்போது அதிகப் பயம் பின்னால் வரும் வண்டியிடம்தான். பின்னோக்கி எடுக்க வழியில்லாமல் போனால், நாம் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை.

காற்று எங்கள் பக்கமிருந்து வீசியிருக்க வேண்டும். யானை கரும்பைக் கீழே போட்டுவிட்டுத் தும்பிக்கையின் நுனியை உயர்த்தி எங்களை நோக்கி வளைத்தது. பிறகு நடந்து வந்தது. ஓடவில்லை, பிளிறவில்லை, காதுகளையும் விறைக்கவில்லை. பக்கத்துக் கடைக்குச் சாமான் வாங்கப் போவதைப் போல வந்தது. அப்பா, "சன்னலெல்லாம் ஏத்து, யாரும் சத்தம் போடாதீங்க கண்ணு" என்று மெல்லிய குரலில் சொன்னார். யானை என் கதவை உரசிக்கொண்டு பின்பக்கம் போனது. அதன் விலாவைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. காய்ந்த சேறும் வெடிப்புகளும் தனித்தனியாக நிற்கும் முரட்டு மயிருமாக ஒரு சுவர் நகர்ந்ததைப் போல இருந்தது.

பின்கண்ணாடியில் தும்பிக்கையை வைத்தது. தெப்பக்காட்டில் பாகன் ஒருவர், ஆசிய யானைக்குத் தும்பிக்கை நுனியில் விரல் போன்ற ஒரே ஒரு முனைதான் உண்டு, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு என்று மகளிடம் சொல்லியிருந்தார். அந்த ஒற்றை விரல் கண்ணாடியின் மேல் இடமிருந்து வலமாகத் தடவிக்கொண்டு போனதையும், இரண்டு துளைகளும் மாறி மாறி விரிந்து மூச்சுவிட்டதால் கண்ணாடி மங்கித் தெளிந்ததையும் அவள் ஒரு முழம் தூரத்திலிருந்து பார்த்தாள். ஒரு பக்கமாக வண்டி அமுங்கி எழுந்தது. வைப்பர் முறியும் சத்தம் கேட்டது. பின்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே நொடியில் உள்ளே போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

முன்னால் நகர்த்தலாம் என்று கியரில் கை வைத்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன்: குட்டி லாரியின் நிழலைவிட்டு எங்கள் வண்டிக்கு நேர் முன்னால் வந்து நின்றிருந்தது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நாங்கள் இருந்தோம். முன்னால் ஓரடி எடுத்திருந்தாலும் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். மனைவி மகனின் வாயைப் பொத்திக்கொண்டு முருகா முருகா என்று முணுமுணுத்தார். மூன்று நிமிடம் என்று கைப்பேசி சொல்கிறது. என் கணக்கு வேறு.

எங்களை விடுவித்தது அந்த லாரிதான். யானை விலகியதும் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். கிளப்பிய வேகத்தில், ஏற்கெனவே தளர்ந்திருந்த கட்டிலிருந்து ஒரு கத்தைக் கரும்பு சாலையோரத்தில் விழுந்தது. அது தானாக விழுந்ததா, கிளீனர் தள்ளிவிட்டாரா என்று எனக்கும் மனைவிக்கும் இன்றுவரை வாதம் நடக்கிறது. குட்டி அதைத் தேடித் தடுமாறி ஓடியது. தாய் கண்ணாடியிலிருந்து தும்பிக்கையை எடுத்துவிட்டு அதன் பின்னே போனது. அந்த வழியில் கரும்பு போடுவது தவறு என்று இப்போதும் சொல்கிறேன். அந்தக் கரும்பால்தான் தப்பினோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆசனூரில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. சத்தியமங்கலம் காடு 2013-இல் புலிகள் காப்பகமானதும், 2022-இலிருந்து நீதிமன்ற உத்தரவால் திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் அப்பாவின் காலத்துக்குப் பிந்தியவை. அவருடைய காலத்தில் இந்தச் சாலையில் வீரப்பனைப் பற்றிய பயம்தான் பெரிது என்றும், யானை நின்றால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்போம் என்றும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்று அதையெல்லாம் சொல்லாமல் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

திம்பத்திலிருந்து இறங்கும் 27 வளைவுகளில் பாதியைக் கடந்த பிறகு, யாரும் கேட்காமலே, "நானும் அந்தக் காலத்துல கரும்பு லோடு அடிச்சிருக்கறேன். கட்டுக் கட்டாப் போட்டிருக்கறேன். போட்டாப் போயிரும்னு போட்டது" என்றார். இரண்டு வளைவுகள் வரை வண்டிக்குள் பேச்சில்லை. பிறகு மகள் பின்னாலிருந்து, யானை எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று கேட்டாள். அறுபது வருடம் வரை இருக்கும் என்றேன். அவள் விரல்விட்டு எண்ணினாள். "அப்போ அதோட அம்மாவுக்கு நீங்கதான் போட்டீங்களா தாத்தா?"

அப்பா பதில் சொல்லவில்லை. பண்ணாரி வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பின்கதவைத் திறந்து, தாரைத் தாமே தோளில் தூக்கிக்கொண்டு அம்மன் கோயிலுக்குள் போனார்.