எஃப்என்பி ஸ்டேடியம், யூ2, 2011: போனவர்கள் எழுதுங்கள்

சாண்ட்டன் மதுரைக்காரன்

இத்தனை வருஷம் ஆகியும் இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2011 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை. ஜோஹானஸ்பர்க் எஃப்என்பி ஸ்டேடியத்தில் யூ2 என்ற அயர்லாந்து ராக் குழுவின் நிகழ்ச்சி. மேடைக்கு மேல் நாலு காலில் நின்ற ராட்சத இரும்புக் கூடு, அதைத்தான் நண்டு என்போம், போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 90,000 பேருக்கு மேல் கூட்டம். நாங்கள் மேல் அடுக்கில்: நான், மனைவி, ஏழு வயது மகன். பாதியில் மகன் பசிக்கிறது என்றான். "சட்டுன்னு போயிட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி. இறங்கினேன்.

சிப்ஸ் கடையில் எனக்கு முன்னால் முப்பது பேர். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டிரம் மட்டும் தம் தம் என்று கேட்கிறது. திடீரென்று கூட்டத்தின் சத்தம் மாறியது. அதுவரை கேட்ட விசில் இல்லை இது. ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்த பெரியவரைத் தெருமுனையில் பார்த்ததும் எழுமே, அந்த மாதிரி. அதன் மேல் ஒரு ஊதல். டிரம்பெட் போல, ஆனால் கொஞ்சம் தடித்த குரல். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி என் தோளைப் பிடித்து "ப்ரா ஹ்யூ!" என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு ஓடினார். அவர் பின்னால் இன்னும் பத்துப் பேர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வரிசை குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

சிப்ஸோடு மேலே ஏறி வந்தபோது ஹ்யூ மசகேலா, இந்த ஊரே "ப்ரா ஹ்யூ" (ஹ்யூ அண்ணன்) என்று கூப்பிடும் தென்னாப்பிரிக்க ஜாஸ் கலைஞர், மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார். 2018 ஜனவரியில் அவர் இறந்த செய்தி வந்த அன்று மனைவி போனில் ஒரே ஒரு வார்த்தை அனுப்பினாள்: "சிப்ஸ்".

சாட்ஸ்வர்த் பேத்தி

என் தமிழ் சனிக்கிழமை வகுப்புத் தமிழ், பிழை இருந்தால் மன்னியுங்கள். மதுரை அண்ணா, நீங்கள் கேட்டது ஃப்ளூகல்ஹார்ன், டிரம்பெட் மாதிரியே ஒரு ஊதுகருவி.

நாங்கள் டர்பனிலிருந்து போனோம். என் மாமா, அம்மாவின் அண்ணன், டிரைவராக மட்டும் வந்தார். டிக்கெட் ஒன்று மிஞ்சியதால் உள்ளே கூட்டிப்போனோம். ராக் என்றால் அவருக்கு ஆகாது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். யூ2 பாடகர் போனோ ஏதோ பேசும்போது கூட எங்களைப் பார்த்து "முடிஞ்சுதா?" என்று ஜாடை காட்டினார்.

மசகேலா வந்ததும் மாமா எழுந்தார். ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். பிறகு இன்னொரு காதிலிருந்து. இரண்டையும் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கை தட்டவில்லை, ஆடவில்லை. பாட்டு முடியும்வரை நின்றார். முடிந்ததும் உட்கார்ந்து பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

நடுராத்திரிக்கு மேல் ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போட நின்றபோதுதான் வாயைத் திறந்தார். 1990ல் இதே பிப்ரவரி 13ஆம் தேதி, ஜெயிலிலிருந்து வந்த மூன்றாம் நாள், மண்டேலா இதே ஸ்டேடியத்தில்தான் சோவேட்டோ மக்களிடம் பேசினாராம். இவருடைய நண்பர்கள் வேன் பிடித்துப் போனார்கள். "செவ்வாக்கெழமை. எனக்கு ஷிஃப்ட்டு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. டர்பன் வரும்வரை பழைய கேசட் பாட்டு ஒன்றை வாயாலேயே ஊதிக்கொண்டு வந்தார், மகா அபஸ்வரமாக. ஆயாவிடம் (பாட்டியிடம்) சொன்னபோது "அவன் எப்பவுமே லேட்டு" என்றாள்.

எலுமிச்சம்பழம்98

எல்லோரும் நண்டு நண்டு என்கிறீர்கள். 1998 மார்ச் 21, ஜோஹானஸ்பர்க் ஸ்டேடியம், யூ2வின் பாப்மார்ட் டூரின் கடைசி ராத்திரி. உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு நம் ஊரில்தான் முடித்தார்கள், அதுவும் மனித உரிமை நாள் அன்று. 40 அடி உயர எலுமிச்சம்பழம் கண்ணாடித் துண்டுகளோடு மினுக்கிக்கொண்டு வரும். அது திறக்க, உள்ளேயிருந்து நாலு பேரும் இறங்குவார்கள். ஆஸ்லோவில் அந்தப் பழம் திறக்காமல் மாட்டிக்கொண்ட கதை எங்களுக்குத் தெரியும். அதனால் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் பக்கத்தில் ஒரு பெண் தேவாலயத்தில் நிற்பதுபோலக் கண்ணை மூடியிருந்தாள்.

2011க்கும் போனேன். "புது ஆல்பத்துக்கான டூர்" என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள். "நோ லைன் ஆன் தி ஹொரைஸன்" வந்தது 2009 பிப்ரவரியில். இங்கே வரும்போது அதற்கு இரண்டு வயது. அதிலிருந்து எத்தனை பாட்டு பாடினார்கள்? ஒரு கை விரலே அதிகம். ஆல்பம் பிடித்துப்போய் வந்த என்னைப் போன்றவர்களுக்கு இது ஏமாற்றம்தான். மசகேலா வந்தார், சரி. அதற்காக மற்றதை மறைக்காதீர்கள்.

கேப்டவுன் காற்று

எலுமிச்சை அண்ணைக்கு ஒரு வார்த்தை. 2010 மே மாதம் போனோவுக்கு முதுகில் ஒப்பரேசன். அதனால அமெரிக்க நிகழ்ச்சிகள் ஒரு வருசம் தள்ளிப்போச்சு, முழு டூருமே 2011 ஜூலை வரைக்கும் இழுபட்டது. ஆல்பம் பழசானதுக்கு ஆள் என்ன செய்யிறது? நண்டு மேடைக்கு மூன்று செட் இரும்பு வைத்திருந்தவை, ஒன்றில் பாடேக்குள்ள மற்றது வேற ஊரில் ஏறிக்கொண்டிருக்கும்.

எனக்கு இது தெரியக் காரணம், 18ஆம் தேதி கிரீன் பாயிண்ட் நிகழ்ச்சிக்கு நான் கூலிக்கு நின்றனான். பெரிய வேலை எதுவும் இல்லை, புல்லு நசுங்காமல் தட்டுப் பரப்புற வேலை. கேப்டவுனுக்கு வந்து நாலு மாதம், கையில் காசில்லை. விடியப்புறம் வெளிச்சமெல்லாம் நிப்பாட்டியிருந்த நேரம் அந்த நண்டின் கால் ஒன்றுக்குக் கீழே நின்று தண்ணி குடித்தேன். 50 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்க்க, தலை சுற்றியது. காலில் கையை வைத்தேன். தென்கிழக்குக் காற்றுக்கு உள்ளுக்குள்ள ஊமென்று ஒரு சத்தம். நிகழ்ச்சிக்கு முதல் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு பாட்டும் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தை நான் மட்டும்தான் கேட்டனான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

என்3 மாமா

நான் போனேன், உள்ளே போகவில்லை. ஒருவரிடம் கைமாற்றாக வாங்கிய டிக்கெட் போலி. வாசலில் ஸ்கேன் பண்ணினால் சிவப்பு விளக்கு. காரில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டேன். அவ்வளவுதான் என் கதை.

இனி போகிறவர்களுக்குச் சில விஷயம். டர்பனிலிருந்து ஜோபர்க்குக்கு என்3 நெடுஞ்சாலையில் 570 கிலோமீட்டர், நிற்காமல் போனாலே ஆறு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி என்றால் திங்கள்கிழமை லீவு போடுங்கள். அந்தப் பெண்ணின் மாமா மாதிரி ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பவே திரும்பாதீர்கள். வான் ரீனன் கணவாயில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு கூடத் தெரியாது. மூய் ரிவர் டோலுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் கூட்டிப்போனால் காதுக்கு மஃப் கட்டாயம், பஞ்சு போதாது, பஞ்சு சத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது. சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய்க் காரில் முடித்துவிட்டு உள்ளே போங்கள். புளிச்சோறு ஒருநாள் கெடாது. அதைச் செய்திருந்தால் மதுரைக்காரருக்கு இந்தக் கதையே இல்லை. ஜோபர்க் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பிப்ரவரியிலும் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுங்கள். காரை எங்கே நிறுத்தினீர்கள் என்று போட்டோ எடுத்துவையுங்கள். முக்கியமாக, டிக்கெட்டை முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

சாட்ஸ்வர்த் பேத்தி

என்3 மாமா, என் மாமா முப்பது வருஷம் அந்த ரோட்டில் லாரி ஓட்டியவர். பனிமூட்டம் அவருக்குச் சொந்தக்காரன் மாதிரி.

எலுமிச்சம்பழம்98

முதுகு ஆபரேஷனுக்கும் பாட்டுப் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம்? 2009ல் புது ஆல்பத்தின் பாட்டோடுதான் நிகழ்ச்சியையே தொடங்கினார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்கள். அதுதான் என் கேள்வி. யாரும் பதில் சொல்லவில்லை.

கேப்டவுன் காற்று

அண்ணை, அதை நீங்கள் போனோவிடம்தான் கேட்கவேணும். நான் தட்டுப் பரப்பினவன். மதுரை அண்ணை, ஒன்று கேட்க மறந்திட்டன். சிப்ஸாவது நல்லா இருந்ததோ?

சாண்ட்டன் மதுரைக்காரன்

ஆறிப்போயிருந்தது. மகன் அம்மா மடியில் தூங்கிவிட்டிருந்தான். நான்தான் சாப்பிட்டேன்.