புதுப்பிப்பு: மண்டபம் ஹெரால்டு, பாடி தனி, சேஸி தனி

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில், கடல் காற்றில் கிடந்த பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பாடியைச் சேஸியோடு (அடிச்சட்டத்தோடு) பிணைக்கும் போல்ட்டுகள் அசையவே இல்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பிரித்தாயிற்று.

மண்டபத்தில் இரும்பை வெளியே வைத்தாலே போதும், உப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் மரை இறுகிப்போகிறது. வெறும் பலத்தைக் காட்டினால் போல்ட்டுத் தலைதான் கையோடு வரும்.

அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயும் சரிபாதி கலந்து, மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, இரவில் ஊற்றி வைத்தேன். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சின்னத் தள்ளு. 'டக்' என்று சத்தம் வந்தால் பிழைத்தது. அப்புறம் கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திருப்பி இறுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். அறுமுனை பாக்ஸ் ஸ்பேனர் மட்டும்தான். பன்னிரண்டு முனை தலையை மழுக்கிவிடும்.

அடங்காதவற்றுக்கு கேஸ் வெல்டிங் தீயால் சூடு. பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்து, அசிட்டோன் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பற்றவைத்தோம். நட்டை மட்டும் சூடாக்கி மெழுகுவர்த்தியை ஒற்றினால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். மெக்கானிக் அண்ணன் சொன்ன வழி, எண்ணெயைவிட எனக்கு இதுதான் கைகொடுத்தது.

பின்பக்கத்தில் சில நட்டுகள் தகட்டோடு சேர்ந்தே சுற்றின. அவற்றை கிரைண்டரால் அறுத்துவிட்டேன், வேறு வழியில்லை. சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகள் இரண்டும் அரித்துப்போயிருக்கின்றன. புதுத் தகடு வெட்டக் கொடுத்திருக்கிறேன். பாடிக்கும் சேஸிக்கும் நடுவில் வைக்கும் ரப்பர் புஷ் மதுரைப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.