நம்ம பக்கத்து இளவட்டங்களின் சாவு: கூடுதலா, வழக்கமா?

உசிலைத் தம்பி:
எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கும் எழுமலைக்கும் நடுவில். கடந்த ஐந்து வருடத்தில் ஊரில் 15 முதல் 34 வயதுக்குள் இறந்த ஆண்களின் பட்டியலை நானும் நண்பர்களும் எழுதி வைத்திருக்கிறோம். டூவீலர், மருந்து குடித்தது, தூக்கு, ராத்திரி படுத்து எழுந்திருக்காதது. பெயர்களையோ எண்ணையோ இங்கே போட மாட்டேன், அந்தக் குடும்பத்தார் படிப்பார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுக்கப்போகிறோம். “எங்கள் ஊரில் இளைஞர்கள் அளவுக்கு மீறிச் சாகிறார்கள்” என்பதுதான் மனுவின் முதல் வரி. இதற்கு என்ன கணக்குக் காட்டலாம்?

தல்லாகுளத்தான்:
முதல் வரியை இப்போது எழுதாதீர்கள் தம்பி. எந்த அளவை மீறி என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மாதிரிப் பதிவு முறை, அதாவது எஸ்.ஆர்.எஸ்., தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் பிறப்பு இறப்பை எண்ணும் மத்திய அரசுக் கணக்கெடுப்பு. அது தன் ஆண்டறிக்கையில் தமிழ்நாட்டின் இறப்பு விகிதத்தை ஆண், பெண், கிராமம், நகரம் என்று பிரித்து, ஐந்தைந்து வயதாகக் கொடுக்கிறது. உங்கள் ஊரில் 15–19 வயது ஆண்கள் எத்தனை, 20–24 எத்தனை என்று எடுத்து, அந்தந்த வயதின் விகிதத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். அது ஒரு வருடத்துக்கு எதிர்பார்க்கப்படும் மரணம். உங்கள் பட்டியல் ஐந்து வருடத்துக்கு என்பதால் அதை ஐந்தால் பெருக்குங்கள். நடந்த மரணத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மிகை. 15–34 முழுவதற்கும் ஒரே விகிதத்தைப் போட்டுவிடாதீர்கள். முப்பதைத் தாண்டியவனுக்கு உள்ள ஆபத்து பதினாறு வயதுப் பையனுக்கு உள்ளதைவிட அதிகம். ஊரில் யார் அதிகம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

அப்புறம் சின்ன ஊர். ஒரு பேச்சுக்கு, ஐந்து வருடத்துக்கு 10 மரணம் எதிர்பார்க்கிறோம் என்று வையுங்கள். 4-லிருந்து 17 வரை எது வந்தாலும் தற்செயலாக வரக்கூடியதுதான். 18 வந்தால் நின்று பார்க்கலாம். அதிலும் மதுரை மாவட்டத்தில் 420 ஊராட்சிகள். எல்லாம் இதே அளவு ஊர் என்று வைத்தால், ஒரு காரணமும் இல்லாமலே ஐந்தாறு ஊர் 18-ஐத் தொட்டுவிடும். பட்டியல் எழுத யாருக்காவது தோன்றுவதும் அந்த ஊர்களில்தான்.

மேலூர் அக்கா:
நான் நர்ஸ். தல்லாகுளத்து அண்ணன் சொல்லும் பெருக்கல் கழித்தலில் எனக்குச் சண்டை இல்லை. எதைக் கழிக்கிறோம் என்பதில்தான் சண்டை.

2022-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். மாநில விகிதம் என்று நீங்கள் எடுக்கும் எண்ணுக்குள் இந்தச் சாவுகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. மருந்து குடித்த பிள்ளைகளும் அதற்குள்தான். அத்தனையையும் “எதிர்பார்க்கப்படும்” என்ற பக்கத்தில் வைத்துக் கழித்துவிட்டு, உங்கள் ஊரில் மிகை ஒன்றும் இல்லை போ என்பீர்கள். இப்படிப் பார்த்தால் மாநிலம் முழுக்கப் பையன்கள் செத்தாலும் எந்த ஊரிலும் மிகை வராது.

வேறு அளவுகோல் இருக்கிறது. அதே ஊர், அதே வயதுப் பெண்களின் இறப்பு விகிதத்தை எடுங்கள். ஆண்களும் அந்த விகிதத்தில் இறந்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள்? அதற்கு மேல் உள்ளதெல்லாம் மிகைதான். 1980-களில் இதே உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை வெளியே வந்தபோது, ஊர் வழக்கத்தை அளவாக வைத்தா பேசினோம்? ஆண் குழந்தை பிழைக்கிறதே, பெண் குழந்தை ஏன் பிழைக்கவில்லை என்றுதானே கேட்டோம்? அந்தக் கேள்வியை இப்போது மறுபக்கம் திருப்பிக் கேட்கச் சொல்கிறேன்.

தல்லாகுளத்தான்:
அக்கா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த அளவுகோலிலும் கோணல் இருக்கிறது. பிறந்த குழந்தையிலிருந்தே ஆணுக்கு இறப்பு வாய்ப்பு இயற்கையிலேயே கொஞ்சம் கூடுதல். அதையும் மிகைக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். தவிர, பெண்களின் விகிதமும் சுத்தமானதல்ல. இளம்பெண்களின் தற்கொலை அதற்குள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்தால் அந்தப் பெண்களின் சாவு “சரியான அளவு” ஆகிவிடும். இதற்கு நீங்கள் சம்மதிப்பீர்களா?

மேலூர் அக்கா:
சம்மதிக்க மாட்டேன். ஆனால் உங்கள் அளவு ஆண், பெண் இரண்டு பேர் சாவையும் விழுங்குகிறது. என்னுடையது பாதியையாவது வெளியே காட்டுகிறது.

திருமங்கலம் வாசி:
இவ்வளவு பெருக்கல் எதற்கு? கொரோனா ஊசி போட்ட பிறகுதான் பையன்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள். 2020-ல் இருந்ததையும் 2022-ல் இருப்பதையும் பார்த்தாலே தெரியும்.

தல்லாகுளத்தான்:
2020-ஐ அடிப்படை ஆண்டாக வைப்பது, அதுவும் இந்த வயது ஆண்களுக்கு, பெரிய தப்பு. ஊரடங்கில் வண்டி ஓடவில்லை. இந்தியா முழுக்கச் சாலை மரணம் 2019-ல் சுமார் 1.51 லட்சம், 2020-ல் 1.32 லட்சம், 2022-ல் 1.68 லட்சம். பள்ளத்தில் நின்று அளந்தால் சமதரையும் மேடாகத்தான் தெரியும். 2019-க்கு முந்தைய சில ஆண்டுகளின் சராசரியை வையுங்கள்.

ஊசி விஷயத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதாவது ஐ.சி.எம்.ஆர்., ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டது. காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 18–45 வயதினர் 729 பேரை, உயிரோடிருக்கும் 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். ஊசியால் ஆபத்து கூடவில்லை. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுக்கு மீறிக் குடித்தது, கடுமையாக உடலை வருத்தியது, இவைதான் ஆபத்தைக் கூட்டின.

மேலூர் அக்கா:
அந்த முடிவை நானும் ஏற்கிறேன். ஆனால் ஒன்று. அந்த ஆய்வு இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்கிறது. திடீர் மரணங்கள் முன்பைவிடக் கூடியிருக்கின்றனவா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு மொத்த மக்கள்தொகையின் இறப்புப் பதிவு வேண்டும்.

உசிலைத் தம்பி:
பதிவு என்றதும் கேட்கிறேன். வி.ஏ.ஓ. அலுவலகப் பதிவேட்டில் எங்கள் பட்டியலில் உள்ள பாதிப் பெயர்கள் இல்லை. மறைக்கிறார்களா?

மேலூர் அக்கா:
இல்லை தம்பி. 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. தேனி ரோட்டில் அடிபட்ட பையன் பெரியாஸ்பத்திரியில் இறந்தால், மதுரை மாநகராட்சி எல்லையில் நடந்த மரணமாகத்தான் பதிவாகும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று தெற்கிலிருந்தும் கேஸ் அங்கேதான் வருகிறது. பதிவான இடத்தை மட்டும் பார்த்தால் மதுரை நகரத்தில் இளைஞர்கள் கொத்துக்கொத்தாகச் சாவது போலத் தெரியும், உங்கள் ஊர் ஆரோக்கியமாகத் தெரியும். படிவத்தில் இறந்தவரின் நிரந்தர முகவரி இருக்கும். அதை வைத்துத் திரும்பப் பிரிக்க வேண்டும்.

தல்லாகுளத்தான்:
இதில் அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இதன் மறுபக்கமும் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து அங்கேயே இறந்த பையன் உங்கள் பட்டியலில் இருக்கிறானா?

உசிலைத் தம்பி:
இருக்கிறான். உடல் ஊருக்குத்தானே வந்தது. நாங்கள்தான் தூக்கினோம்.

தல்லாகுளத்தான்:
அப்படியானால் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் உயிரோடு வேலை பார்க்கும் உங்கள் ஊர்ப் பையன்களையும் தலைக்கணக்கில் சேர்க்க வேண்டும். சாவை மட்டும் ஊர்க் கணக்கில் எழுதி, இருப்பவர்களை வெளியூர்க்காரர்கள் என்று விட்டால் விகிதம் பொய்யாக ஏறும். 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து இதைச் சரிசெய்யவும் முடியவில்லை. 2021-ல் நடக்க வேண்டியது நடக்கவில்லை. வீடு வீடாகப் போய் 15–34 வயது ஆண்கள் யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். ஊரில் இருப்பவர், வெளியே இருப்பவர் என்று இரண்டு கணக்காகவே வையுங்கள்.

உசிலைத் தம்பி:
எழுதிவிடலாம். பெண்களையும் சேர்த்தே எழுதுகிறோம். ஆனால் மாநில அளவை வைத்துப் பார்த்து மிகை இல்லை என்று வந்தால்? மனுவைக் கிழித்துப் போட்டுவிடவா? தேனி ரோட்டில் விளக்கு வேண்டும், மருந்துக்கடையில் பூச்சிமருந்தைக் கேட்டவனுக்கெல்லாம் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த மனுவில் இருக்கிறது.

மேலூர் அக்கா:
கிழிக்காதே. விளக்குக் கேட்க மிகை எதற்கு? செத்தவன் ஒருத்தன் போதும்.

தல்லாகுளத்தான்:
கோரிக்கைகளை நான் தடுக்கவில்லை. ஊர் மற்ற ஊர்களைவிட மோசம் என்று எழுதினால் அதற்கு மாநில விகிதத்தோடு ஒப்பிட்ட கணக்கு வேண்டும், தற்செயலின் எல்லையோடு. தடுத்திருக்கக்கூடிய சாவு என்று எழுதினால் அக்காவின் கணக்கு வேண்டும், காரணவாரியாகப் பிரித்து. இரண்டும் வேறு வேறு கேள்வி. இரண்டு எண்ணும் ஒரே தாளில் இருந்தால் அட்டவணையை நான் சரிபார்த்துத் தருகிறேன். சாதகமான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முதல் வரியை அப்படியே விட்டால் என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

மேலூர் அக்கா:
பெண்களோடு ஒப்பிட்ட எண் முதலில் வரவேண்டும். அதை அடிக்குறிப்பில் தள்ளினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். தம்பி, காரணம் பிரிக்கும்போது போஸ்ட்மார்ட்டம் நடந்ததா என்று அட்டவணையில் தனியாக ஒரு பத்தி வை. இந்தியாவில் 2020-ல் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவச் சான்றோடு காரணம் இருந்தது. மற்றவற்றில் வீட்டுக்காரர் சொன்னதுதான் காரணம். “நெஞ்சுவலி” என்று எழுதியதில் எத்தனை உண்மையிலேயே நெஞ்சுவலி என்று அந்த அம்மாக்களிடம் நீங்கள் பையன்கள் போய்க் கேட்க முடியாது. அந்த வீடுகளுக்கு நான் வருகிறேன்.